ஒரு கட்டி, பல கைகள்: புற்றுநோய் சிகிச்சைக் குழுக்கள் பிறந்த கதை

பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் நோயாளிகள் பார்க்காத ஓர் அறை உண்டு. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் வெவ்வேறு துறை டாக்டர்கள் அங்கே கூடுவார்கள். திரையில் ஸ்கேன் படம் தெரியும். அறுவை சிகிச்சை நிபுணர், கதிரியக்க சிகிச்சை நிபுணர், மருந்து கொடுக்கும் நிபுணர், திசுவைப் பரிசோதிக்கும் நோய்க்குறியியல் நிபுணர், ஸ்கேனைப் படித்துச் சொல்லும் நிபுணர்... எல்லோரும் ஒரே ஒரு கட்டியைப் பற்றித்தான் பேசுவார்கள். முதலில் வெட்டுவதா? முதலில் மருந்தா? அல்லது வெட்டவே வேண்டாமா? இந்தக் கூட்டத்துக்கு 'டியூமர் போர்டு' என்று பெயர்.

இதில் என்ன பெரிய விஷயம், நான்கு பேர் கூடிப் பேசி முடிவெடுப்பது இயல்புதானே என்று தோன்றலாம். ஆனால் இது இயல்பாக வந்ததல்ல. அந்த மேசையைச் சுற்றி இத்தனை நாற்காலிகள் வந்து சேர ஏறக்குறைய நூறு வருடங்கள் ஆயின. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு சண்டை இருக்கிறது. அந்தச் சண்டைகள் தீரும் வரை அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் நோயாளிகள்.

முதலில் ஒரு சிறு விளக்கம். புற்றுநோய்களைப் பொதுவாக இரண்டாகப் பிரிப்பார்கள். ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர் மண்டலத்திலும் தோன்றுபவை ஒரு வகை. மார்பகம், வாய், கருப்பை வாய், நுரையீரல், குடல், சிறுநீரகம் என்று ஏதாவது ஓர் உறுப்பில் கட்டியாக உருவாகுபவை இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையைத்தான் திடக்கட்டிப் புற்றுநோய் என்கிறார்கள். கட்டி என்றால் அதற்கு ஓர் இடம் உண்டு. தொட்டுப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், வெட்டி எடுக்கலாம். இந்த 'வெட்டி எடுக்கலாம்' என்பதில்தான் கதை தொடங்குகிறது.

கத்தியின் காலம்

1846-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் என்ற மயக்க மருந்து பலர் முன்னிலையில் வெற்றிகரமாகப் பயன்படுத்தப்பட்டது. 1867-ல் பிரிட்டனில் ஜோசப் லிஸ்டர் தன் கிருமிநாசினி முறையை வெளியிட்டார். இவை இரண்டுக்கும் முன்பு ஆபரேஷன் என்றால் வேகம்தான் முக்கியம். நோயாளி விழித்திருப்பார், வலியில் துடிப்பார். பிழைத்தாலும் புண்ணில் சீழ் பிடித்து இறந்துபோகும் ஆபத்து உண்டு. மயக்க மருந்தும் சுத்தமும் வந்த பிறகு சர்ஜனுக்கு நேரம் கிடைத்தது. நிதானமாகவும் ஆழமாகவும் வெட்ட முடிந்தது.

அந்த நேரத்தை முழுமையாகப் பயன்படுத்திக் கொண்டவர் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட். மார்பகப் புற்றுநோய் ஒரு மையத்திலிருந்து படிப்படியாக வெளியே பரவுகிறது என்று அவர் நம்பினார். முதலில் மார்பகம், அடுத்து அதன் அருகிலுள்ள திசு, பிறகு அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள், அதற்கும் பிறகுதான் உடலின் மற்ற பாகங்கள். அப்படியென்றால் எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது அல்லவா? மார்பகம், அதன் அடியில் இருக்கும் மார்புத் தசைகள், அக்குள் முடிச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து அவர் அகற்றினார். 1894-ல் இப்படி ஆபரேஷன் செய்த 50 பேரின் விவரங்களை வெளியிட்டார்.

இன்று ஹால்ஸ்டெட்டை வில்லனாக்குவது சுலபம். ஆனால் அது நியாயமில்லை. அன்று பெண்கள் டாக்டரிடம் வரும்போதே கட்டி முற்றியிருக்கும். வெட்டிய இடத்திலேயே மறுபடி முளைக்கும். ஹால்ஸ்டெட்டின் முறையில் அது வெகுவாகக் குறைந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனைதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வெட்டிய இடத்தில் கட்டி திரும்பி வராத பெண்களிலும் பலர், சில வருடங்களில் எலும்பிலோ நுரையீரலிலோ கல்லீரலிலோ நோய் வந்து இறந்தார்கள். 'இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்க வேண்டும்' என்பதுதான் அதற்குக் கிடைத்த விளக்கம். பின்னால் வந்த சர்ஜன்களில் சிலர் கழுத்தெலும்பு வரைக்கும், விலா எலும்புகளுக்கு உள்ளேயும் கத்தியைக் கொண்டு போனார்கள். பிழைத்த பெண்களுக்குக் குழிந்த மார்பும் வாழ்நாள் முழுக்க வீங்கிய கையும் மிஞ்சின.

கத்தி ஒன்றே ஆயுதமாக இருந்த காலத்தில், கத்தி தோற்றால் இன்னும் பெரிய கத்திதான் விடையாகத் தெரியும்!

தனி அறையில் உட்கார்ந்த கதிர்

1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தார். 1898-ல் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். கதிர் பட்டால் கட்டி சுருங்குகிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. புற்றுநோய்க்கு இரண்டாவது ஆயுதம் கிடைத்துவிட்டது.

ஆனால் பல ஊர்களில் அந்த ஆயுதம் சர்ஜனின் மேசைக்கு வரவில்லை. தனி அறையில் உட்கார்ந்தது. வெட்ட முடியாத கட்டிகள், வெட்டியும் திரும்பி வந்த கட்டிகள் மட்டும் அந்த அறைக்கு அனுப்பப்பட்டன. கடைசிக் கட்டத்தில் வருபவர்களுக்குக் கதிர் கொடுத்தால் பலன் குறைவாகத்தான் இருக்கும். பலன் குறைவு என்பதால் ஆரம்பத்திலேயே யாரும் அனுப்ப மாட்டார்கள். இந்த வட்டம் பல வருடங்கள் சுற்றிக்கொண்டே இருந்தது.

வட்டத்தை உடைக்கப் பார்த்தவர்களில் ஒருவர் லண்டன் செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையின் சர்ஜன் ஜெஃப்ரி கீன்ஸ். பொருளாதாரம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கும். ஆமாம், பொருளாதார மேதை ஜான் மேனார்ட் கீன்ஸின் தம்பிதான் இவர். 1936-ல் அண்ணன் தன் 'பொதுக் கோட்பாடு' நூலை வெளியிட்டுப் பொருளாதாரத்தின் பழைய நம்பிக்கைகளை அசைத்தார். அடுத்த வருடமே, 1937-ல், தம்பி தன் துறையின் பழைய நம்பிக்கையை அசைக்கும் ஒரு கட்டுரையை வெளியிட்டார்.

ஜெஃப்ரி கீன்ஸ் 1920-களிலிருந்தே மார்பகத்தை முழுவதுமாக அகற்றாமல், ரேடியம் நிரப்பிய ஊசிகளைக் கட்டியைச் சுற்றிச் செருகிச் சிகிச்சை அளித்து வந்தார். தேவைப்பட்டால் கட்டியை மட்டும் எடுப்பார். இப்படிச் சிகிச்சை பெற்ற பெண்கள் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்களைவிட மோசமாக இல்லை என்பதைத் தன் பதிவுகளிலிருந்து காட்டினார். 1940-களில் எடின்பரோவில் ராபர்ட் மெக்விர்ட்டர், தசைகளை அகற்றாத எளிய ஆபரேஷனையும் கதிர் சிகிச்சையையும் சேர்த்துப் பயன்படுத்தினார்.

அண்ணனின் புத்தகம் உலகத்தை மாற்றியது. தம்பியின் கட்டுரையைப் பெரும்பாலான சர்ஜன்கள் கண்டுகொள்ளவில்லை. குறிப்பாக அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் முறையே இன்னும் பல வருடங்கள் ஆட்சி செய்தது.

மூன்றாவது ஆள்

மூன்றாவது ஆயுதம் போர்க்களத்திலிருந்து வந்தது. விஷவாயு ஆராய்ச்சியில் கிடைத்த நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற ரசாயனத்தை 1942-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுநோய் உள்ள ஒருவருக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். 1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தால் தற்காலிகமாக நோய் தணிவதைக் காட்டினார்.

இவையெல்லாம் ரத்தம், நிணநீர் சார்ந்த புற்றுநோய்கள். திடக்கட்டியை மருந்தால் குணப்படுத்த முடியுமா? 1956-ல் அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிலையத்தில் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் முடியும் என்று காட்டினார்கள். கர்ப்பத்தோடு தொடர்புடைய கோரியோகார்சினோமா என்ற அரிய புற்றுநோய், நுரையீரல் வரை பரவிய பிறகும், மெத்தோட்ரெக்ஸேட் மருந்தால் மறைந்தது. கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் லி மருந்தை நிறுத்தவில்லை. ரத்தத்தில் அந்தக் கட்டி சுரக்கும் ஹார்மோன் முழுவதுமாக மறையும் வரை கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் தேவையில்லாமல் மருந்து கொடுக்கிறார் என்று அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்! பின்னாளில் அவர் செய்ததுதான் சரி என்று தெரிந்தது. 1972-ல் லஸ்கர் விருது பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

மூன்று ஆயுதங்களும் ஒன்றாக இயங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு முதல் நல்ல உதாரணம் குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் கட்டி. இது சிறுநீரகத்தில் வரும் புற்றுநோய். 1950-களில் ஃபார்பரின் பாஸ்டன் குழுவில் சர்ஜன் சிறுநீரகத்தை எடுப்பார், கதிர் நிபுணர் அந்த இடத்துக்குக் கதிர் கொடுப்பார், ஃபார்பர் ஆக்டினோமைசின் மருந்தைக் கொடுப்பார். குழந்தையின் உணவு, வலி, குடும்பத்தின் கஷ்டம் இவற்றையும் கவனிப்பது சிகிச்சையின் பகுதி என்று ஃபார்பர் சொன்னார். 1969-ல் அமெரிக்கா முழுவதும் உள்ள மருத்துவமனைகள் இணைந்து வில்ம்ஸ் கட்டிக்கான தேசிய ஆய்வைத் தொடங்கின. இன்று வசதியுள்ள நாடுகளில் இந்தக் கட்டி வரும் 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 பேர் பிழைக்கிறார்கள்.

எந்தக் கதவு?

குழந்தைகளுக்கு வந்த ஒற்றுமை பெரியவர்களுக்கு வரவில்லை. மூன்று துறைகளும் மூன்று சாம்ராஜ்யங்களாக வளர்ந்தன.

வேலையைப் பிரித்துக்கொண்டால் திறமை கூடும் என்பது பொருளாதாரத்தின் அரிச்சுவடி. 1776-ல் ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிற்சாலையை உதாரணம் காட்டியே இதை விளக்கினார். ஒருவர் கம்பியை நீட்டுவார், ஒருவர் வெட்டுவார், ஒருவர் கூர்மையாக்குவார். ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய அவசியமே இல்லை. ஏனென்றால் கடைசியில் வரப்போவது குண்டூசி என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும்.

புற்றுநோய் நோயாளி குண்டூசி இல்லை. அவருக்கு எந்த வேலையை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்பதே பெரிய கேள்வி. துறைகள் பேசிக்கொள்ளாத இடத்தில் அந்தக் கேள்விக்கு விடை சொன்னது மருத்துவம் அல்ல, கதவு. நோயாளி முதலில் எந்தக் கதவைத் தட்டினாரோ அதுதான் அவருடைய சிகிச்சை. சர்ஜனின் கதவைத் தட்டினால் கத்தி. கதிர் நிபுணரின் கதவைத் தட்டினால் கதிர். நிபுணர்கள் கூடக் கூட நோயாளி துண்டு துண்டாகப் பிரிந்துபோனார். வேலைப் பகிர்வு வேறு, குழு வேறு என்பதை மருத்துவம் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது.

தூங்கும் முன் ஒரு கையெழுத்து

ஒருவரே முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1970-கள் வரை அமெரிக்காவில் சாதாரணமாக இருந்த ஒரு வழக்கம் சாட்சி.

மார்பில் கட்டியோடு ஒரு பெண் மருத்துவமனைக்கு வருவார். அது புற்றுநோயா இல்லையா என்று தெரியாது. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அவர் தூங்கிய பிறகு கட்டியில் ஒரு துண்டை எடுத்து, உறையவைத்து, நோய்க்குறியியல் நிபுணர் சில நிமிடங்களில் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். புற்றுநோய் என்றால் அதே மயக்கத்திலேயே மார்பகம் அகற்றப்படும். இல்லையென்றால் தையல் போட்டு அனுப்புவார்கள். அதாவது, மார்பகம் இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் பெண்ணுக்குக் கண்விழித்த பிறகுதான் தெரியும்.

ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் 1974-ல் தன் மார்பில் கட்டியைக் கண்டார். பயாப்ஸி மட்டும் செய்யுங்கள், முடிவு தெரிந்த பிறகு மற்றதை நான் தீர்மானிக்கிறேன் என்று சர்ஜன்களிடம் கேட்டார். ஒப்புக்கொள்ளும் ஆளைத் தேடி அலைய வேண்டியிருந்தது. அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டு இதே நிலையில் மருத்துவமனையில் சேர்ந்தார். பயாப்ஸியையும் ஆபரேஷனையும் தனித்தனியாகச் செய்யுங்கள் என்று சொல்ல குஷ்னர் வெள்ளை மாளிகைக்கு போன் செய்தார். ஜனாதிபதி முடிவெடுத்துவிட்டார் என்பதுதான் தனக்குக் கிடைத்த பதில் என்று அவர் பின்னாளில் சொன்னார். பெட்டி ஃபோர்டுக்கு ஒரே மயக்கத்தில் பயாப்ஸியும் ஹால்ஸ்டெட் வகை ஆபரேஷனும் நடந்தன.

குஷ்னர் விடவில்லை. 1975-ல் புத்தகம் எழுதினார், கூட்டங்களில் டாக்டர்களோடு வாதாடினார். 1979-ல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் அவரும் இடம்பெற்றார். பயாப்ஸி வேறு நாள், சிகிச்சை வேறு நாள் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. இடையில் கிடைத்த அந்தச் சில நாட்கள் சாதாரணமானவை அல்ல. வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்கவும், டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் அந்த நாட்களில்தான் வாய்ப்பு கிடைத்தது.

எண்கள் பேசின

சர்ஜன்களின் கோட்டையை உள்ளிருந்து உடைத்தவரும் ஒரு சர்ஜன்தான். பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்ட் ஃபிஷர். புற்றுநோய் ஹால்ஸ்டெட் சொன்ன மாதிரி ஒழுங்காக வரிசையில் பரவுவதில்லை, ஆரம்பத்திலேயே ரத்தத்தின் வழியாக உடலெங்கும் போயிருக்கலாம் என்றார் அவர். அப்படியென்றால் எவ்வளவு அகலமாக வெட்டினாலும் பயன் ஓர் எல்லையோடு நின்றுவிடும்.

இதை வாதத்தால் தீர்க்க முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும் என்று 1971-ல் அவர் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். 1,600-க்கும் மேற்பட்ட பெண்கள். யாருக்கு ஹால்ஸ்டெட் ஆபரேஷன், யாருக்கு எளிய ஆபரேஷன் என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. தங்கள் நோயாளிகளை இப்படிக் குலுக்கலில் விட பல சர்ஜன்கள் மறுத்தார்கள். ஆனால் முடிவு தெளிவாக வந்தது: உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. 25 வருடங்கள் கழித்துப் பார்த்தபோதும், 2002-ல் வெளியான முடிவு அதையே சொன்னது.

1976-ல் தொடங்கிய அடுத்த ஆய்வில் ஃபிஷர் இன்னும் ஒரு படி போனார். மார்பகத்தையே எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தால்? அப்போதும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் இங்கே ஒரு முக்கியமான விஷயம். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தியவர்களில் 20 வருடங்களுக்குள் அதே மார்பகத்தில் கட்டி திரும்பியது 39.2 சதவீதம் பேருக்கு. ஆபரேஷனோடு கதிரும் பெற்றவர்களுக்கு அது 14.3 சதவீதம். இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி 701 பெண்களிடம் நடத்திய ஆய்வும், மார்பகத்தைக் காப்பாற்றிக் கதிர் கொடுத்தால் உயிருக்கு ஆபத்து கூடுவதில்லை என்று 1981-ல் சொன்னது.

அதே மிலானில் ஜியானி பொனடோனா, ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். 386 பெண்கள். மருந்து பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது குறைகிறது என்று 1976-ல் அறிவித்தார். கண்ணுக்குத் தெரியாமல் பரவியதை மருந்து துரத்துகிறது!

இந்த மூன்று முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழு ஏன் பிறந்தது என்பது புரியும். சர்ஜன் சிறியதாக வெட்டலாம், ஆனால் பின்னால் கதிர் நிபுணர் நின்றால்தான். இருவரும் அந்த இடத்தைச் சுத்தம் செய்யலாம், ஆனால் உடலின் மற்ற பாகங்களை மருந்து நிபுணர் பார்த்துக்கொண்டால்தான். ஒருவருடைய வேலை மற்றவருடைய வேலையை நம்பி நிற்கிறது. டாக்டர்களுக்குத் திடீரென்று பெருந்தன்மை வந்ததால் குழு உருவாகவில்லை. தனியாக முடியாது என்பதை எண்கள் நிரூபித்ததால் உருவானது.

தப்பித்த உறுப்புகள்

மார்பகத்தில் கற்ற பாடம் மற்ற உறுப்புகளுக்கும் பரவியது. ஆசனவாய்ப் புற்றுநோய் வந்தால் அந்தப் பகுதியையே அகற்றிவிட்டு, வயிற்றில் துளை போட்டு மலம் வெளியேற வழி செய்வதுதான் அன்றைய சிகிச்சை. 1974-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நார்மன் நிக்ரோ என்ற சர்ஜன், ஆபரேஷனுக்கு முன் கட்டியைச் சுருக்கலாம் என்று மூன்று நோயாளிகளுக்கு மருந்தையும் கதிரையும் சேர்த்துக் கொடுத்தார். இருவருக்கு ஆபரேஷன் நடந்தது. வெட்டி எடுத்த பகுதியைச் சோதித்தால் புற்றுநோயே இல்லை! மூன்றாமவர் ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அவரும் நலமாக இருந்தார். இன்று இந்த நோய்க்குப் பெரும்பாலும் மருந்தும் கதிரும்தான் முதல் சிகிச்சை.

தொண்டையில் குரல்வளைப் புற்றுநோய்க்கும் இதே கதை. முற்றிய நிலையில் குரல்வளையை எடுத்துவிடுவார்கள், குரல் போய்விடும். 1991-ல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 332 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு வெளியானது. முதலில் மருந்து, பிறகு கதிர் என்ற வழியில் சென்றவர்களில் 64 சதவீதம் பேரின் குரல்வளை காப்பாற்றப்பட்டது. பிழைப்பவர்களின் அளவும் குறையவில்லை. மருந்துக்குக் கட்டி சுருங்காதவர்களுக்குத் தாமதிக்காமல் ஆபரேஷன் செய்ய சர்ஜன் தயாராக நின்றார். கத்தியை எடுக்காமல் காத்திருப்பதும் ஒரு சர்ஜனின் வேலை என்றானது.

அடையாறில் 12 படுக்கைகள்

இதெல்லாம் மேல்நாட்டுக் கதை மட்டும்தானா? இல்லை. சென்னைக்கும் இதில் ஓர் அத்தியாயம் உண்டு.

பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணியான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923-ல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அப்போது விழுந்தது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955-ல் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். மகப்பேறு மருத்துவம் படித்து, அரசு வேலை கையில் கிடைத்தும் அதை விட்டுவிட்டு வந்தவர் அவர்.

மேல்நாட்டில் துறைகளுக்கு நடுவே சுவர்கள் இருந்தன. இங்கே சுவர் எழுப்ப ஆளே இல்லை! இருந்த சிலரே ஆபரேஷனும் செய்ய வேண்டும், கதிர் சிகிச்சையையும் கவனிக்க வேண்டும், மருந்தும் கொடுக்க வேண்டும். வந்த நோயாளிகளோ பெரும்பாலும் ஏழைகள். வாய்ப் புற்றுநோயும் கருப்பை வாய்ப் புற்றுநோயும் முற்றிய நிலையில் வந்தார்கள். ஒரு முறையை மட்டும் நம்பினால் பலன் இருக்காது என்பதை அவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். இந்தியாவின் ஆரம்பகால கோபால்ட் கதிர் கருவிகளில் ஒன்று 1950-களிலேயே இங்கு வந்தது. வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரோடு பிளியோமைசின் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் தனிக் கதிரைவிடப் பலன் கூடுகிறது என்ற ஆய்வை சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1977-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கும் அதே அணுகுமுறைதான். முதலில் மருந்தும் கதிரும், பிறகு ஆபரேஷன், பிறகு மறுபடி மருந்து. 1990 முதல் 1999 வரை இப்படிச் சிகிச்சை பெற்ற 1,117 பெண்களின் விவரங்கள் 2008-ல் வெளியாயின. 1984-ல் இங்கே தொடங்கிய கல்லூரியில், புற்றுநோய் மருந்தியலுக்கும் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கும் இந்தியாவிலேயே முதன்முதலாக உயர் பட்டப்படிப்புகள் வந்தன. இரண்டு மூன்று பேர் சேர்ந்து சுமந்ததை அடுத்த தலைமுறையில் ஒரு முழுக் குழுவிடம் ஒப்படைக்க அதுதான் வழி. சாந்தா 2021 ஜனவரி 19-ல் மறையும் வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

விதியாக மாறிய மேசை

குழு நல்லது என்று எல்லோரும் சொன்னாலும், எல்லா ஊரிலும் அது இருக்கவில்லை. பிரிட்டனில் ஒருவர் எந்த ஊரில் வசிக்கிறார் என்பதைப் பொறுத்துப் புற்றுநோய் சிகிச்சையின் தரம் மாறியது. 1995-ல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கென்னத் கால்மனும் வேல்ஸின் தலைமை மருத்துவ அதிகாரி டெய்ட்ரே ஹைனும் ஓர் அறிக்கை தந்தார்கள். ஒவ்வொரு உறுப்பின் புற்றுநோய்க்கும் அதில் தேர்ந்தவர்கள் கொண்ட தனிக் குழு வேண்டும் என்றது அது. மார்பகத்துக்கு ஒரு குழு, குடலுக்கு ஒரு குழு, நுரையீரலுக்கு ஒரு குழு. அதுவரை சில டாக்டர்களின் விருப்பமாக இருந்தது அதன் பிறகு நாட்டின் ஏற்பாடாக மாறியது.

இதனால் உண்மையிலேயே உயிர்கள் பிழைத்தனவா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ இதற்கு விடை சொன்னது. அந்த நகரத்தின் மருத்துவமனைகளில் 1995-ல் மார்பகப் புற்றுநோய்க்குக் குழு முறை வந்தது. சுற்றியுள்ள பகுதிகளில் அப்போது வரவில்லை. 13,722 பெண்களின் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2012-ல் வெளியானது. குழு வருவதற்கு முன் அந்தப் பகுதியில் மார்பகப் புற்றுநோய் மரணம் மற்ற பகுதிகளைவிட 11 சதவீதம் அதிகம். குழு வந்த பிறகு 18 சதவீதம் குறைவு. புது மருந்து எதுவும் அந்தப் பகுதிக்கென்று தனியாக வரவில்லை. மாறியது டாக்டர்கள் வேலை செய்யும் விதம்.

இந்தியாவிலும் 2012-ல் நேஷனல் கேன்சர் கிரிட் என்ற பெயரில் புற்றுநோய் மருத்துவமனைகள் ஒன்றாக இணைந்தன. இணையம் வழியாகவே டியூமர் போர்டு கூடுகிறது. சிறிய ஊரில் இருக்கும் டாக்டர் ஒருவர் தன் நோயாளியின் படங்களைக் காட்டி, தூரத்தில் இருக்கும் நிபுணர்களோடு பேச முடிகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. நோயாளிகள் கூட்டம் அதிகமான இடத்தில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மூத்தவர் பேசினால் இளையவர் வாய் திறக்காத மேசையில் எத்தனை நாற்காலி இருந்தும் அங்கே முடிவெடுப்பவர் ஒருவரே. நிபுணர்களே போதாத மாவட்டத்தில் குழுவுக்கு எங்கே போவது என்ற கேள்வியும் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மேசையில் அநேகமாக எப்போதும் காலியாக இருப்பது நோயாளியின் நாற்காலி. மயக்க மருந்துக்கு முன் கையெழுத்துப் போட்டுவிட்டு, கண்விழித்துத் தன் மார்பைத் தடவிப் பார்த்த அந்தப் பெண்களிலிருந்து மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. ஐந்து பேர் பேசி எடுத்த முடிவை ஆறாவதாக ஒருவரிடம் பொறுமையாக விளக்கி, அவருடைய சம்மதத்தைக் கேட்ட பிறகே கத்தியையோ கதிரையோ மருந்தையோ தொடுவது என்பதுதான் நூறு வருடச் சண்டையில் கிடைத்த பாடம். உடம்பு அவருடையது அல்லவா!